நாலாம் பிரிவில் பதினொரு நிமிடம்

ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறவன் பேசினால் வாத்து பேசுவது போல இருக்கும். முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடுவார்கள். எஃபிம் ஸகாரவிச் லுகோஷின் ஒன்பது வருடமாக அந்தக் குரல்களோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். குரலைச் சீராக்கித் தரும் பெட்டி ஒன்று அவர் மேசையில் இருந்தது. அவர் அதைப் போடுவதே இல்லை. பெட்டி வார்த்தையைச் சரி செய்யும், ஆனால் ஆளின் பயத்தையும் களைப்பையும் சேர்த்து வழித்தெடுத்துவிடும் என்பது அவர் கட்சி.

1984 மார்ச் மாதம். பாரென்ட்ஸ் கடலின் தரையில், நூற்று நாற்பது மீட்டர் ஆழத்தில், கப்பல் தன் இரண்டு சறுக்குக் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். காகிதங்களில் கடலாய்வுக் கப்பல் என்று எழுதியிருக்கும். ஏவுகணை இல்லை, சண்டைக்குப் போகிற நீர்மூழ்கியும் இல்லை. அதன் வயிற்றுக்குள் ஓர் இரும்பு அறை இருந்தது. கடலடியில் என்ன அழுத்தமோ அதே அழுத்தத்தில் அந்த அறைக்குள் ஆட்கள் வாரக்கணக்கில் குடியிருப்பார்கள். வேலை நேரத்தில் கீழ்மூடி திறக்கும், ஒருவன் இறங்கி நேராகக் கடல் தரையில் நடப்பான். ராணுவம் தொலைத்த பொருட்களைத் தேடுவது, கம்பிவடங்களைப் பார்ப்பது, வெளியே சொல்லக் கூடாத இன்னும் சில வேலைகள்.

மாலுமிகள் அந்தக் கப்பலை ‘மாமியார்’ என்று கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்குள் போன மாப்பிள்ளையை ஆறு நாளைக்கு முன்னால் வெளியே விடமாட்டாள். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால், சோடா புட்டியைத் திறந்தது போல ஆளின் ரத்தம் நுரைத்துவிடும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துத்தான் அவனை மனிதர்களின் காற்றுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பொறுப்பு எஃபிம் ஸகாரவிச்சுடையது. ஐம்பத்தொரு வயது, வாரண்ட் அதிகாரி, அறையின் அழுத்தத்தையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும் மேசைக்காரர். கப்பலில் எல்லோருக்கும் அவர் ‘ஸகாரிச்’.

அன்று காலை பத்து மணிக்கு இல்தார் கரேயெவ் வெளியே இருந்தான். பயிற்சியில் சுடப்பட்டு மூழ்கிப்போன ஒரு டார்பிடோவைத் தேடிப் போயிருந்தான். கஸான் பக்கத்துத் தாத்தார் பையன், முப்பது வயது, ஒல்லி. அவன் முதுகிலிருந்து கப்பலின் வயிறு வரை கையளவு தடிமனில் ஒரு குழாய்க்கற்றை போனது. சுவாசக் காற்று, பேச்சுக் கம்பி, வெந்நீர் எல்லாம் அதன் வழியாகத்தான். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கொடி. குழந்தைக்குத் தொப்புள்கொடி போல. அந்த இரும்பு அறையின் கீழறையில், திறந்த மூடிக்கு மேலே, இடுப்பு வரை தண்ணீரில் நின்றுகொண்டு அந்தக் கொடியை விட்டும் இழுத்தும் கொடுப்பவன் தராஸ் ஹ்னாத்யுக். பொல்தாவாக்காரன், பெரிய உடம்பு.

“டேய் இல்தார், அந்தக் கழுதை கெடச்சுதா இல்லையா?” தராஸ் கீச்சுக் குரலில் கேட்டான்.

“கழுதை இல்ல, கழுதையோட வாலு கெடச்சிருக்கு. கயிறு கட்டிட்டு இருக்கேன். நீ சும்மா நின்னுட்டு வாயாடாத.”

“சும்மாவா? என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு நேரம் தண்ணியில நிக்க வெச்சதில்லடா.”

எஃபிமுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு முக்காலியில் கிரில் அவ்குஸ்தோவிச் லெம்பெர்க் உட்கார்ந்திருந்தார். லெனின்கிராத் வரைவகத்து ஆள். இந்த அறையையும் இதன் குழாய்களையும் காகிதத்தில் வரைந்தவர்களில் ஒருவர். தன் சரக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இரண்டு வாரமாகக் கப்பலில் இருந்தார். மடியில் நோட்டுப் புத்தகம், காதில் பென்சில்.

“எப்பவும் இப்படித்தான் பேசிக்குவாங்களா?” என்றார்.

“பேசாம இருந்தாத்தான் நான் பயப்படுவேன்” என்றார் எஃபிம்.

அப்போதுதான் மணி அடித்தது. ஒரே நீளமாக, நிற்காமல்.

ஒலிபெருக்கியில் கமாண்டர் தெம்யான் இக்னாத்யெவிச் கோர்ஸுனின் குரல் வந்தது. அவசரமில்லாத குரல். நாலாம் பிரிவில் தீ. மின்பலகையில். பிரிவுகளை அடைத்துக்கொள்ளவும்.

மூன்றாம் பிரிவிலிருந்த எஃபிம் எழுந்து இரண்டு பக்கக் கதவுகளையும் இறுக்கிவிட்டு வந்தார். பின்பக்கக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நாலாம் பிரிவு. இரும்பில் கை வைத்துப் பார்த்தார். இன்னும் சுடவில்லை. மேசையில் உட்கார்ந்து பேச்சுக் குமிழை அழுத்தினார்.

“இல்தார். வேலைய விடு. வீட்டுக்கு வா.”

“இன்னும் ஒரு முடிச்சு ஸகாரிச்.”

“முடிச்சு வேண்டாம். இப்பவே வா.”

“வர்றேன்” என்றான் இல்தார். எதற்கென்று கேட்கவில்லை.

அறுபது மீட்டர் தூரம். கணுக்கால் புதையும் சேறு, கலங்கிய தண்ணீர், உடம்பில் பாரம். ஒழுங்காக வந்தால் ஆறு நிமிடம். வந்த பிறகு உள்ளே ஏற்றி, கொடியை இழுத்து, மூடியைப் பூட்ட இன்னும் இரண்டு. எஃபிம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். பத்து பன்னிரண்டு.

மேசையில் தொலைபேசி விளக்கு எரிந்தது. கோர்ஸுன்.

“ஸகாரிச், உன் ஆளுங்க எங்க?”

“ஒருத்தன் வெளிய. திரும்பிட்டு இருக்கான்.”

“கேளு. பலகை முழுக்கப் பிடிச்சிருச்சு. பெரெஸ்தோவ் ரெண்டு பசங்களையும் அஞ்சாம் பிரிவுக்குத் தள்ளிட்டுக் கதவை உள்ளேருந்து பூட்டிட்டான். அவன் மட்டும்தான் இருக்கான். நான் மின்சாரத்த மொத்தமா வெட்டிட்டு, அணைக்கிற வாயுவ உள்ள விட்டுட்டு, மேல கிளம்பணும். வெட்டினா உன் வெந்நீர் போயிரும். மேல கிளம்பினா கொடி அறுந்துரும். எவ்வளவு நேரம் வேணும்?”

அந்தோன் பெரெஸ்தோவை எஃபிமுக்கு நன்றாகத் தெரியும். மின்பிரிவுத் தலைவன், இருபத்தாறு வயது, சதுரங்கத்தில் தோற்றால் இரண்டு நாள் பேசமாட்டான். இப்போது முகமூடி போட்டுக்கொண்டு எரிகிற பலகைக்கு முன்னால் நிற்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தள்ளி.

எட்டு நிமிடம் என்று சொன்னால் கமாண்டர் என்ன செய்வார் என்று எஃபிம் யோசித்தார். கப்பலில் அறுபத்திரண்டு பேர். எட்டு நிமிடத்தில் தீ மூன்றாம் பிரிவுக்கும் ஐந்தாம் பிரிவுக்கும் போகலாம். எட்டு என்பது மறுக்கக்கூடிய எண்.

“நாலு நிமிஷம்” என்றார்.

“நாலு. சரி.”

விளக்கு அணைந்தது. லெம்பெர்க் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குப் போடத் தெரிந்த ஆள்.

இல்தார் இருபது மீட்டர் வந்திருப்பான். அவன் மூச்சு ஒலிபெருக்கியில் சீராக வந்துகொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

“ஸகாரிச். கொடி வரமாட்டேங்குது.”

“தராஸ், இழு.”

“இழுக்கிறேன். எங்கயோ மாட்டியிருக்கு. கல்லா?”

“கல்லு இல்ல” என்றான் இல்தார். “வலை. மீன்பிடிக் கப்பலோட பழைய வலை. போகும்போது மேல மிதந்திருக்கு, நான் கீழ புகுந்து போயிருக்கேன். இப்ப கொடிய சுத்திக்கிச்சு.”

“கத்தி இருக்கா?”

“இருக்கு. அறுக்கிறேன்.”

நைலான் வலை. கனத்த கையுறை. எஃபிம் மேசையின் வெந்நீர் அளவையைப் பார்த்தார். அந்தக் கடலின் தண்ணீர் உறைகிற விளிம்பில் இருந்தது. உடைக்குள் ஓடுகிற வெந்நீர்தான் ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அவன் சுவாசிக்கிற காற்றையும் அதே வெந்நீர்தான் சூடாக்கியது. அது நின்றால் ஹீலியம் உள்ளேயிருந்தும் கடல் வெளியேயிருந்தும் சூட்டை உறிஞ்சும். சில நிமிடங்களில் கை மரத்துப்போகும், பிறகு புத்தி.

அளவையின் முள் சட்டென்று கீழே விழுந்தது.

“நீர் நின்னுருச்சு” என்றார் லெம்பெர்க். அவர் முகம் வெளுத்துவிட்டது. “பம்ப் அந்தப் பலகையிலேருந்துதான் ஓடுது. நான்தான் அங்க போட்டேன். வேற எங்கயும் இடம் இல்லன்னு.”

முள் நடுங்கியது. மேலே ஏறியது. பழைய இடத்துக்கே வந்தது.

“வந்துருச்சு” என்றார் எஃபிம்.

இரண்டு பேருக்கும் காரணம் புரியவில்லை. மறுபடி முள் விழுந்தது, மறுபடி ஏறியது. யாரோ அந்தப் பக்கம் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

பத்து பதினாறு. விளக்கு.

“ஸகாரிச், நாலு நிமிஷம் முடிஞ்சுது.”

“வலையில மாட்டிக்கிட்டான், தோழர் கமாண்டர். அறுத்துட்டு இருக்கான்.”

“எவ்வளவு?”

“நாலு நிமிஷம்.”

இந்தத் தடவை அந்தப் பக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எஃபிமுக்குக் கேட்பது போல இருந்தது.

“நாலு” என்றார் கோர்ஸுன், வைத்துவிட்டார்.

லெம்பெர்க் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஸகாரிச், நாலு இல்ல.”

“தெரியும்.”

“அங்க ஒருத்தன் இருக்கான்.”

“அதுவும் தெரியும், கிரில் அவ்குஸ்தோவிச். நீங்க அந்த அளவைய மட்டும் பாருங்க. என்னைப் பாக்காதீங்க.”

கதவின் விளிம்பில் வண்ணப்பூச்சு பழுப்பாகிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் வந்தது. எஃபிம் முகமூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், முகத்தில் போடவில்லை. போட்டால் பேச்சு கீழே தெளிவாகப் போய்ச் சேராது.

“இல்தார், சொல்லு.”

“பாதி… அறுத்துட்டேன்.” வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டிருந்தது. “கத்தி கையில இருக்கான்னு தெரியல ஸகாரிச். பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்.”

இதைத்தான் அந்தப் பெட்டி வழித்தெடுத்திருக்கும்.

“ஸகாரிச், நான் போறேன்” என்றான் தராஸ்.

“நீ மூடிகிட்ட நிக்கணும். ரெண்டு பேரும் வெளிய போகக் கூடாது. உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“உன் கொடி முப்பது மீட்டர்தான். அவன் நாப்பதுல இருக்கான்.”

“வலை நடுவுலதானே இருக்கு. கொடி மாட்டின இடம் என் பக்கமா இருக்கலாம். இருக்கலாமா இல்லையா?”

எஃபிம் பதில் சொல்வதற்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்டது. தராஸ் தலைக்கவசத்தைப் பூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். ஒன்பது வருடத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. எஃபிம் அவனைத் திட்ட வாயைத் திறந்தார். வேறு வார்த்தைதான் வந்தது: “எட்டி நடக்காத. சேறு கலங்கும். கொடிமேல கைய வெச்சுட்டே போ.”

பத்து இருபது. முள் விழுந்தது. இந்தத் தடவை உடனே ஏறவில்லை. லெம்பெர்க் விரல்களை மடக்கி எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு. ஏறியது, ஆனால் பாதிவரைதான்.

விளக்கு. எஃபிம் எடுத்தார்.

“ஸகாரிச்.” கோர்ஸுன் அதற்குமேல் கேட்கவில்லை.

“நாலு நிமிஷம், தோழர் கமாண்டர்.”

“மூணாவது தடவை சொல்ற.”

“ஆமா.”

“சரி.”

தராஸின் மூச்சு காளை மூச்சு மாதிரி வந்தது. “வலை தெரியுது. இங்கதான். என் பக்கந்தான். நான் சொன்னேனா இல்லையா. டேய் இல்தார், அந்தப் பக்கம் தளர்த்திப் பிடி. பிடிக்க முடியலன்னா உக்காந்துக்கோ. நான் அறுக்கறேன். டேய். பேசு.”

“பேசறேன்” என்றான் இல்தார்.

“என்ன பேசற?”

“தெரியல.”

“உங்க அம்மா பேரு சொல்லு.”

நீண்ட மௌனம். “ஃபானூஸா.”

“அவங்க வெக்கிற சூப்பு பேரு?”

“தொக்மாச்.”

“நல்லா இருக்குமா?”

“உனக்குக் குடுக்கமாட்டாங்க.”

எஃபிம் கண்ணை மூடித் திறந்தார். பேச்சு உயிரோடு இருந்தது. கத்தி வலையைக் கிழிப்பது கேட்கவில்லை. தராஸின் முனகல்தான் கேட்டது, ஒன்று, இன்னொன்று. பிறகு அவன் சொன்னான்: “விட்டுருச்சு. வா, வா, வா.”

திரும்பி வருகிற தூரத்தை எஃபிம் கடிகாரத்தில் பார்க்கவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு இப்போது கொப்பளித்தது. லெம்பெர்க் எழுந்து தன் மேல்கோட்டைக் குடிநீர்த் தொட்டியில் நனைத்துக் கதவின் இடுக்கில் திணித்தார்.

கீழறையில் இரும்பில் இரும்பு மோதியது. தராஸ் இல்தாரைத் தோளில் தூக்கிக் கொண்டுவந்து மூடிக்கு மேலே தள்ளியிருந்தான். கொடிகள் சுருண்டு விழுந்தன. சக்கரம் சுற்றுகிற சத்தம்.

“மூடி பூட்டியாச்சு. ரெண்டு பேரும் உள்ள.”

பத்து இருபத்து மூன்று. எஃபிம் குமிழை அழுத்தியபோது கட்டைவிரல் வழுக்கியது.

“தோழர் கமாண்டர். எல்லாரும் உள்ள. மூடி பூட்டு.”

அடுத்த நொடி விளக்குகள் எல்லாம் அணைந்தன. அவசரவிளக்கின் மஞ்சள் மட்டும் மிஞ்சியது. சுவருக்கு அந்தப் பக்கம் வாயு சீறியது. பிறகு கப்பலின் தொட்டிகளில் காற்று முழங்கியது, ‘மாமியார்’ சேற்றிலிருந்து பிய்த்துக்கொண்டு எழுந்தாள்.

மேற்பரப்புக்கு வந்து அரை மணி கழித்துத்தான் நாலாம் பிரிவைத் திறந்தார்கள். பெரெஸ்தோவை மூன்றாம் பிரிவு வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். முகமூடி அப்படியே இருந்தது. கண் திறந்திருந்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, யாருடைய பொருளையோ பிடித்திருப்பது போல வைத்திருந்தான். கூட வந்த மாலுமி போகிறபோக்கில் சொன்னான்: “பம்போட விசை சூட்டுல தட்டித்தட்டி விழுந்துட்டே இருந்திருக்கு. கையால பிடிச்சு நின்னிருக்காரு.”

எஃபிமால் மேசையைவிட்டு எழுந்திருக்க முடியாது. ஏறி இறங்கிய அந்த முள் இப்போது பூஜ்யத்தில் கிடந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஆனால் வேலை முடிந்திருக்கவில்லை. மின்சாரம் போனதால் அழுத்த அறையின் சூடும் போய்விட்டது. உள்ளே இருவரும் எல்லாக் கம்பளிகளையும் சுற்றிக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கிடந்தார்கள். வெளியே கொண்டுவரவோ ஆறு நாள். இல்தாருக்கு ஆறு மணி நேரம் தாங்குமா என்பதே கேள்வி.

“டீசல் ஓடுதா?” என்று திடீரென்று கேட்டார் லெம்பெர்க்.

“ஓடுது. மேற்பரப்புல இருக்கோமே.”

“அதைக் குளிர வைக்கிற தண்ணி எழுபது டிகிரியில வெளிய வருது. வீணாத்தான் போகுது. அந்தத் தண்ணிய அறையோட சூட்டுச் சுருளுக்குள்ள விட்டா?”

“அதுக்குக் குழாய் இருக்கா?”

“வரைபடத்துல இல்ல.”

“அப்ப வரைங்க.”

லெம்பெர்க் உண்மையிலேயே நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வரைந்தார். தீயணைப்புக் குழாய்கள் மூன்றை இணைத்து, சமையற்கட்டின் இரண்டு வளையங்களைப் போட்டு இறுக்கி, நாற்பது நிமிடத்தில் மாலுமிகள் இழுத்துக் கொடுத்தார்கள். ஓர் இணைப்பில் ஒழுகியது. அங்கே ஒருவன் வாளியோடு உட்கார்ந்தான். பகல் ஒன்றரை மணிக்கு அறைக்குள் வெப்பமானி ஏறத் தொடங்கியது. தராஸின் வாத்துக்குரல் வந்தது: “ஸகாரிச், டீசல் நாத்தம் அடிக்குதே. உங்க மாமியார் குளிக்கவே மாட்டாளா?”

எஃபிம் சிரித்தார். சிரித்த பிறகு நிறுத்த முடியவில்லை, லெம்பெர்க் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இழுவைக் கப்பல் வந்து அவர்களைத் தளத்துக்கு இழுத்துப் போயிற்று. பெரெஸ்தோவைக் கடல் நடுவிலேயே வேறு கப்பலுக்கு மாற்றி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். துறையில் கட்டிய பிறகும் எஃபிம் மேசையில்தான் இருந்தார், அழுத்தத்தை மணிக்கணக்கில் குறைத்துக்கொண்டு, இரண்டு உதவியாளர்களோடு முறை மாற்றிக்கொண்டு. விசாரணைக்குழு மூன்றாம் நாள் வந்தது. ஏன் பதினொரு நிமிடம் தாமதம் என்று கோர்ஸுனிடம் கேட்டார்கள். என் முடிவு, என்றாராம் கோர்ஸுன். மேசைக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னார், என்றாராம்.

ஐந்தாம் நாள் மதியம் கோர்ஸுன் மேசைக்கு வந்தார். நாற்பத்து நான்கு வயது, அந்த வாரத்தில் பார்வைக்கு ஐம்பது ஆகியிருந்தது. லெம்பெர்க்கின் முக்காலியில் உட்கார்ந்தார்.

“உள்ள எப்படி இருக்காங்க?”

“சண்டை போட்டுக்கறாங்க. சீட்டுல யாரோ ஏமாத்திட்டானாம். அப்ப நல்லாத்தான் இருக்காங்க.”

“ம்.”

எஃபிம் அளவையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நான் பொய் சொன்னேன், தெம்யான் இக்னாத்யெவிச். நாலு நிமிஷம்னு. மூணு தடவையும். மொதல் தடவையே எட்டு ஆகும்னு தெரியும்.”

“அறுபது மீட்டர் சேத்துல நடந்து, ஏறி, மூடி பூட்ட நாலு நிமிஷம். ஆறு வருஷமா இந்தக் கப்பல ஓட்டறேன் ஸகாரிச். என்னை என்ன, பால்வாடிப் பிள்ளைன்னு நினைச்சியா?”

எஃபிம் திரும்பினார்.

“தெரிஞ்சிருந்தா ஏன் ஒத்துக்கிட்டீங்க?”

கோர்ஸுன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். “எனக்கும் ஒரு எண்ணு வேணும்யா. பெரெஸ்தோவ் போன்ல கேட்டான், எவ்வளவு நேரம் பிடிக்கணும்னு. தெரியாதுன்னு சொல்ல முடியுமா? நாலுன்னு சொன்னேன். முடிஞ்சதும் மறுபடி கேட்டான். மறுபடி நாலுன்னேன். நீ என்கிட்ட சொன்னத நான் அவன்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான்.”

தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். எஃபிம் அந்த மணிக்கான அளவைப் பதிவேட்டில் எழுத மறந்துவிட்டார், உதவியாளர்தான் நினைவுபடுத்தினார்.

ஏழாம் நாள் கதவு திறந்தது. தராஸ் முதலில் வந்தான், தன் பழைய தடித்த குரலில் ஏதோ பேசி, அந்தக் குரலைக் கேட்டுத் தானே மிரண்டான். இல்தாரைத் தூக்குக்கட்டிலில் கொண்டுவந்தார்கள். இடது கையில் இரண்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. அவன் எஃபிமின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அந்தோன்?” என்று மட்டும் கேட்டான்.

“உயிரோட இருக்கான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஃபிம் மருத்துவமனைக்குப் போனார். லிங்கோன் என்ற காட்டுப்பழத்தின் சாறு ஒரு புட்டி, கடையில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய ஆரஞ்சு ஒரு கிலோ. பெரெஸ்தோவ் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தான். இரண்டு கைகளும் முழங்கைவரை கட்டுப் போட்டு வெள்ளைக் கட்டைகளாக இருந்தன. புருவம் இல்லாத முகம் பத்து வயது குறைந்து தெரிந்தது.

“உக்காருங்க ஸகாரிச். சதுரங்கம் ஆடலாம்னா காய் நகர்த்த ஆள் வேணும்.”

“நான் நகர்த்தறேன்.”

“நீங்க ஏமாத்துவீங்க.”

எஃபிம் உட்கார்ந்தார். பேருந்தில் வரும்போது ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. நேரடியாகச் சொன்னார்: “நாலு நிமிஷம்னு சொன்னது நான்தான். கமாண்டர் இல்ல.”

பக்கத்துக் கட்டிலில் ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

“எண்ணிட்டே இருந்தேன்” என்றான் பெரெஸ்தோவ். “இருநூத்தி நாப்பது. முடிஞ்சுது, மறுபடி இருநூத்தி நாப்பது. மூணாவதுல நூத்தி எழுபது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விளக்கு போயிருச்சு. மொதல் நாலு நிமிஷம் வலது கை. அடுத்தது இடது கை. மூணாவதுக்குக் கை மீதி இல்ல, ரெண்டையும் சேத்து வெச்சேன்.”

“அந்தோன்…”

“என்கிட்டயும் ஒரு போன் இருந்துச்சு ஸகாரிச். சுவருக்கு அந்தப் பக்கம்தானே நீங்க. இல்தார் வெளிய மாட்டிக்கிட்டான், பதினோரு நிமிஷம் ஆகும், பிடிப்பியான்னு என்னைக் கேட்டிருக்கலாம். நீங்க என்னைக் கேக்கல.” குரலில் கோபம் இருந்தது. உரக்கப் பேச நுரையீரல் இடம் கொடுக்காததால் அது இன்னும் கெட்டியாக வந்தது.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

பெரெஸ்தோவ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே விரிகுடாவில் பனி மிதந்தது.

“தெரியல. பதினொண்ணுன்னு கேட்டிருந்தா கதவத் திறந்துட்டு ஓடியிருப்பேனோ என்னவோ. தினமும் அதத்தான் யோசிக்கறேன். நீங்க கேட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப எப்பவும் தெரியாது.”

எஃபிம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார், ஆனால் இல்தார் உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தார். சுளையை நீட்டினார். பெரெஸ்தோவ் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிறகு வாயைத் திறந்தான். இருவருமாக ஒரு பழத்தை முடித்தார்கள்.

“அம்மாவுக்கு மூணு வாரமா கடுதாசி போடல” என்றான் பெரெஸ்தோவ். “வோலொக்தாவுல உக்காந்துட்டு என்ன ஆச்சோன்னு பதறிட்டு இருப்பா. எழுதிக் குடுப்பீங்களா? நர்ஸுக்கு எழுத்துப்பிழை அதிகம்.”

எஃபிம் நர்ஸிடம் தாளும் பேனாவும் வாங்கி வந்தார். கப்பல், தீ, கடல் எதையும் எழுத முடியாது. இருவரும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள்.

“கையப் பத்தி என்னன்னு எழுதட்டும்?”

“சமையற்கட்டுல கொதிக்கிற அண்டா கவுந்துருச்சுன்னு எழுதுங்க.”

“நம்புவாங்களா?”

“சின்ன வயசுலேருந்தே நான் கை தவறிக் கொட்டறவன்தான். திட்டுவா, நம்பிருவா.”

எஃபிம் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். ஓர் இடத்தில் பெரெஸ்தோவ் நிறுத்தினான். “‘மதிப்பிற்குரிய தாய்க்கு’ன்னு எல்லாம் வேண்டாம். ‘அம்மா’ன்னு போடுங்க. இல்லன்னா வார்த்தையும் என்னோடது இல்லன்னு கண்டுபிடிச்சிருவா.”

அவர் அதை அடித்துவிட்டு மேலே ‘அம்மா’ என்று எழுதினார். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவைப் பெரெஸ்தோவின் பல்லிடுக்கில் கொடுத்து, தாளை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவன் தலையை மெதுவாக அசைத்து ஒரு கோணலான ‘அ’ போட்டான்.